கிரயமா, ஒத்தியா? – கேம் விளையாடும் பிள்ளைகளின் இரண்டு புகார்கள்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களும் கைப்பேசியும்" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நாம் கேட்காத பேச்சு இல்லை. கண் கெடும், தூக்கம் கெடும், படிப்பு கெடும். அவற்றையெல்லாம் மருத்துவர்கள் வந்து நம்மைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. அதற்கு 2022இல் நம் மாநிலம் கொண்டுவந்த சட்டம் இருக்கிறது, 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் இருக்கிறது. அது வேறு விஷயம்.

நான் பேச வந்தது, சாதாரணமாக கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு இருக்கும் இரண்டு மனக்குறைகளைப் பற்றி. ஒன்று, "இன்னைக்கு வரும்னு சொன்னாங்க டீச்சர், வரலை." இன்னொன்று, "காசு குடுத்து வாங்கினேன் டீச்சர், இப்போ இல்லை." நம்மில் பலருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். "இதெல்லாம் ஒரு குறையா, போய்ப் படி" என்று அனுப்பிவிடுவோம். ஆனால் கேம் என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன தேதியில் பொருள் தரவில்லை. விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இப்படி நடந்தால் சும்மா இருப்போமா? நுகர்வோர் நீதிமன்றம் வரை போய்விட மாட்டோமா?

முதல் புகாருக்கு நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃப்ரீ ஃபயர் என்ற விளையாட்டை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்தது. வேறு ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளோடு சேர்த்து அதுவும் போனது. அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் இருந்தது, பிள்ளைகள் அதற்கு மாறிக்கொண்டார்கள். பிறகு 2023 ஆகஸ்ட் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. "ஃப்ரீ ஃபயர் இந்தியா" என்ற பெயரில் நம் நாட்டுக்கென்றே தனியாக வருகிறது, தோனிதான் விளம்பரத் தூதர், செப்டம்பர் 5 முதல் விளையாடலாம் என்றார்கள். ஆசிரியர் தினம்! அந்த வாரம் நம் வகுப்பறைகளில் ஆசிரியர் தினத்தை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்த பையன்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நமக்காகத்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள், செப்டம்பர் 4 அன்று, நிறுவனம் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டது. சில மெருகேற்றல்கள் பாக்கி இருக்கின்றன, வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போகிறது என்று. சில வாரங்கள். எத்தனை வாரம் என்று இல்லை. 2023 முடிந்தது, 2024ம் முடிந்தது, அந்தச் சில வாரங்கள் முடியவில்லை.

இதனால் என்ன குடி முழுகிப்போனது என்று கேட்கலாம். நான் கவனித்ததைச் சொல்கிறேன். சொன்ன தேதிக்கும் வராத பொருளுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உருவாகிறது இல்லையா, அதற்குள்தான் ஏமாற்றுக்காரன் நுழைகிறான். "ஃப்ரீ ஃபயர் இந்தியா வந்துவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வீடியோக்களின் அடியில் இணைப்புகள் முளைத்தன. ப்ளே ஸ்டோரில் இல்லாத ஏ.பி.கே. கோப்பு. அதை நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும். பையன் கையில் இருப்பது அவன் கைப்பேசி இல்லை. அம்மாவுடையது. நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் வங்கிக் கணக்கு அந்த எண்ணில் இணைந்திருக்கிறது. ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் அப்படிப்பட்ட இணைப்பைக் காட்டி, "இது நெசமா டீச்சர்?" என்று கேட்டான். கேட்டானே, அது பெரிய விஷயம். "போய்ப் படி" என்று முந்தைய வாரம் யாராவது அவனை விரட்டியிருந்தால் கேட்டிருக்க மாட்டான், அழுத்தியிருப்பான்.

சரி, ஏன் தள்ளிப்போகிறது? வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா? பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. இதற்கு போலந்து நாட்டுக் கதை ஒன்றை வகுப்பில் சொல்வது உண்டு.

வார்சாவில் சிடி ப்ரொஜெக்ட் ரெட் என்று ஒரு நிறுவனம். சைபர்பங்க் 2077 என்ற கேமை 2012இலேயே அறிவித்துவிட்டார்கள். முதலில் சொன்ன தேதி 2020 ஏப்ரல் 16. அது செப்டம்பர் 17 ஆனது. பிறகு நவம்பர் 19 ஆனது. அக்டோபர் மாதம் வேலை எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள், இனி வட்டு அச்சடிக்க வேண்டியதுதான் என்றார்கள். அதே மாதக் கடைசியில் மறுபடி தள்ளி, டிசம்பர் 10 என்றார்கள். ஆத்திரம் தாங்காமல் அதை உருவாக்கிக்கொண்டிருந்த ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் விடுத்தவர்களும் உண்டு. ஒரு விளையாட்டு மூன்று வாரம் தாமதமாக வருவதற்கு! அந்த ஊழியர்களோ அப்போது வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டாய மிகைநேர வேலை இருக்காது என்று நிர்வாகம் முன்பு சொல்லியிருந்தது, அதையும் மீறி.

கடைசியில் டிசம்பர் 10 அன்று வெளியிட்டுவிட்டார்கள். என்ன ஆயிற்று? 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விலையுயர்ந்த புதிய கணினி வைத்திருந்தவர்களுக்கு ஓரளவு ஓடியது. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களுக்குத் திக்கித் திணறியது, பாதியில் நின்றது. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் மறுபடி கடையில் வைத்தார்கள். அதன்பின் வருடக்கணக்காகத் திருத்தி, இன்று அது நல்ல விளையாட்டு என்று பெயர் வாங்கியிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். மூன்றாம் முறை தள்ளியது தப்பா, நான்காம் முறை தள்ளாதது தப்பா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பெரும்பாலும் பின் இருக்கைகளிலிருந்துதான் நல்ல பதில் வரும். "வேலை முடியறதுக்கு முன்னாடி எதுக்கு டீச்சர் தேதி சொல்லணும்?" என்றாள் ஒரு மாணவி. கட்டடம் கட்டும் மேஸ்திரியின் மகள். அவள் அப்பா, "கான்கிரீட் போட்டு இத்தனை நாள் தண்ணி ஊத்தணும், அதுக்கப்புறம்தான் பலகையைப் பிரிக்கணும், அவசரப்படுத்தாதீங்க" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு இந்த விஷயத்தில் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

நமக்கும் இது புரியாதா என்ன? மாலை ஐந்து மணிக்குள் விவரம் பதிவேற்ற வேண்டும் என்று மதியம் மூன்று மணிக்குச் செய்தி வரும். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து மணிக்கு ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டு மறுநாள் திருத்துவோம். தேதிக்காகச் செய்த வேலை எப்படி இருக்கும் என்பது இந்த அறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு மிகச் சிறிய குழு. ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஆறரை ஆண்டுகள் ஆகின. நடுவில் நீண்ட காலம் ஒரு செய்தியும் இல்லை. ரசிகர்கள் நொந்துபோனார்கள், கேலி செய்தார்கள், வராது என்றே முடிவு கட்டினார்கள். 2025 ஆகஸ்டில் திடீரென்று இரண்டு வாரத்தில் வருகிறது என்றார்கள். செப்டம்பர் 4 அன்று வந்தேவிட்டது. அன்றைக்கு வாங்க வந்த கூட்டத்தில் பெரிய பெரிய இணையக் கடைகளே சிறிது நேரம் திணறி நின்றன. இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, அந்தக் குழு அத்தனை வருடமும் முன்பதிவு திறந்து முன்பணம் வாங்கவில்லை என்பது.

முன்பணம் பற்றி ஒரு சிறு விளக்கம். முன்பு கேம் என்றால் வட்டு. கடைக்கு இருபது வட்டு வரும். நூறு பேர் வந்தால் எண்பது பேருக்கு இல்லை. அதனால் முன்பதிவு செய்தார்கள், அதில் நியாயம் இருந்தது. இப்போது வருவது கோப்பு. கோப்பு தீர்ந்துபோகுமா? ஒரு கோடிப் பேர் இறக்கிக்கொண்டாலும் ஒரு கோடியே ஒன்றாவது ஆளுக்கும் இருக்கும். பிறகு எதற்கு முன்பணம்? சிறப்பு உடை தருகிறோம், ஒரு வாள் கூடுதலாகத் தருகிறோம் என்று சொல்லி வாங்குகிறார்கள். பொருள் எப்படி இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே காசு போய்விடுகிறது. இதை ஒரு கணக்குப் பாடம்போலப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினால் போதும், அறிவுரை தேவைப்படாது.

இப்போது இரண்டாவது புகாருக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

வட்டு எப்போது கோப்பு ஆனது? அமெரிக்காவில் வால்வ் என்ற நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீம் என்ற மென்பொருளை வெளியிட்டது. அவர்களுடைய ஹாஃப்-லைஃப் 2 என்ற கேம் அதே செப்டம்பர் 30 அன்று வருவதாக இருந்தது. வரவில்லை. அக்டோபரில் அந்த கேமின் மூல நிரலே திருடப்பட்டு இணையத்தில் கசிந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து 2004 நவம்பர் 16 அன்றுதான் வெளியானது. காத்திருந்தவர்கள் கடைக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்து வட்டைப் போட்டால், விளையாட்டு திறக்கவில்லை. முதலில் இணையத்தில் இணைய வேண்டும், ஸ்டீமில் கணக்குத் தொடங்க வேண்டும், அது சரிபார்த்த பிறகுதான் பூட்டுத் திறக்கும். அப்போது எத்தனையோ வீடுகளில் இணையமே கிடையாது. இருந்த வீடுகளிலும் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்துவரும் இணையம். எல்லோரும் ஒரே நாளில் கதவைத் தட்டியதால் சர்வரும் திணறியது. கையில் பெட்டி இருக்கிறது, சாவி வேறொருவர் வீட்டில் இருக்கிறது. அந்தக் கோபத்தில் வாங்கியவர்கள் திட்டியதெல்லாம் அன்றைய இணையம் முழுக்க நிறைந்திருந்தது.

ஆனால் அதே ஸ்டீம்தான் பிறகு கணினி விளையாட்டுகளுக்கு உலகின் மிகப் பெரிய கடையானது. காரணம் இல்லாமல் இல்லை. வட்டில் கீறல் விழும் பயம் கிடையாது, கணினி பழுதானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், பிழைத்திருத்தம் தானாக வரும், பண்டிகைக் காலத்தில் விலை பாதிக்கும் கீழே போகும். கடையே இல்லாத ஊரில் இருப்பவனுக்கும் கிடைக்கும். வசதியை மறைத்துவிட்டுப் பேசினால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்.

அந்த வசதிக்குக் கொடுத்த விலை என்ன? பூட்டு அவர்களிடம் இருக்கிறது. பூட்டு அவர்களிடம் இருந்தால் ஒரு நாள் பூட்டவும் செய்வார்கள். தி க்ரூ என்று ஒரு கார் பந்தய விளையாட்டு. பிரான்சைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்திவிட்டார்கள். வட்டாக வாங்கியவனுக்கும் ஓடாது, கோப்பாக வாங்கியவனுக்கும் ஓடாது. கொஞ்ச நாளில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தை நீக்க ஆரம்பித்தார்கள். இதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவாக வளர்ந்து, 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. விற்ற விளையாட்டை நிறுத்தும்போது, வாங்கியவன் ஏதாவது ஒரு வழியில் தொடர்ந்து விளையாடும்படி விட்டுச்செல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. பெரிய கோரிக்கையாக எனக்குத் தெரியவில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், பின்னால் பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை மட்டும் தருகிறார் என்றால், அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் பொத்தானில் போடக் கூடாது. ஒரு சொல்லுக்காக ஒரு சட்டம்! தமிழாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் என் வகுப்பும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. ஏழாம் வகுப்பில் சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும் என்ற பாடத்துக்காக "வாங்குதல்" என்று கரும்பலகையில் எழுதினேன். தமிழில் எதைத்தான் வாங்கவில்லை நாம்? கடையில் அரிசி வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிறோம். இதில் எது நம்முடையதாகிறது, எது திரும்பக் கொடுக்க வேண்டியது? அப்புறம் பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன், ஒரு பொருள் நம் கையில் எந்தெந்த விதத்தில் இருக்கலாம் என்று. இரவல் என்றார்கள். வாடகை என்றார்கள். நான் எதிர்பார்க்கவில்லை, குத்தகை, ஒத்தி, கிரயம் எல்லாம் வரிசையாக வந்தன. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், வாடகை வீட்டிலும் ஒத்தி வீட்டிலும் இருக்கிற பிள்ளைகள். கிரயம் என்றால் பத்திரப் பதிவு, பெயர் மாறும், இனி யாரும் கேட்க முடியாது. ஒத்தி என்றால் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்போம், காலம் முடிந்தால் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தொகையைத் திரும்ப வாங்குவோம். நம் பி.எட். வகுப்பில் முன்னறிவு, முன்னறிவு என்று படித்தோமே, அது இதுதான்.

பலகையில் ஐந்து கட்டம் போட்டாயிற்று. ஒவ்வொரு பொருளாக எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கேட்டேன். சைக்கிள்? அரசு கொடுத்தது, நம்முடையது, கிரயத்துக்குப் பக்கத்தில். நூலகப் புத்தகம் இரவல். பந்தல்காரரின் நாற்காலி வாடகை. சரி, ஃப்ரீ ஃபயரில் வாங்கும் டைமண்ட்?

வகுப்பு அமைதியானது. கிரயம் என்றான் ஒருவன், காசு கொடுத்தோமே என்று. அது எப்படி, தடை வந்தபோது போய்விட்டதே என்றான் இன்னொருவன். பப்ஜி நினைவு வந்தது அவர்களுக்கு. 2020 செப்டம்பரில் தடை, அக்டோபர் 30 அன்று சர்வர் நின்றது. மறு வருடம் ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது, பழைய கணக்கில் இருந்தவற்றை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் போனது, 2023 மே மாதம் திரும்பியது. இந்தத் தேதியெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம், பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகள்தான் நிற்பதில்லை. வாடகை என்றாள் ஒருத்தி. வாடகைக்கு மாதம் உண்டு, இதற்கு எத்தனை நாள் என்று சொல்லவே இல்லையே என்று மறுத்தார்கள். ஒத்தி என்றான் ஒருவன். அதற்கு முன் இருக்கையிலிருந்து ஒரு பதில் வந்தது. "ஒத்தின்னா குடுத்த பணமாவது திரும்ப வரும். அதுக்கும் பத்திரம் எழுதுவாங்க. இதுக்குப் பத்திரம் எங்க?"

எந்தக் கட்டத்திலும் வைக்க முடியவில்லை. ஆறாவதாக ஒரு கட்டம் போட்டோம், பெயர் வைக்காமல்.

பத்திரம் எங்கே என்றானே, பத்திரம் இருக்கிறது. எல்லோரும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தொட்டுவிட்டுப் போகிறோமே, அதுதான். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக. மறுநாள் எங்கள் ஆங்கில ஆசிரியரும் நானும் அதில் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஒரு பாடவேளை உட்கார்ந்தோம். உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, சொத்துரிமை இல்லை, நாங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்கிற பத்தி. இப்படிப்பட்ட பத்தி அநேகமாக எல்லாச் செயலியிலும் உண்டு. அகராதியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சொல் சொல்லாகப் பிரித்தார்கள். "ரிவோக்" என்ற சொல்லுக்கு "பறித்தல்" என்று எழுதிய பையன், ஆங்கிலத் தேர்வில் இருபது மதிப்பெண்ணைத் தாண்டாதவன். அவனுக்கு அந்தச் சொல்லின் மேல் சொந்தக் கோபம் இருந்தது.

கேம்தானே, போனால் போகிறது என்று இன்னும் நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், இது புத்தகத்துக்கும் நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், கிண்டில் கருவியில் வாங்கிய சில புத்தகங்களை வாசகர்களின் கருவிகளிலிருந்து தானே அழித்தது. மின்பதிப்பை விற்பனைக்கு ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அழிந்த புத்தகங்களில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984". மக்களை ஓயாமல் வேவு பார்த்து, பழைய பதிவுகளையெல்லாம் இல்லாமல் ஆக்கும் அரசைப் பற்றிய நாவல்! கற்பனையாக எழுதினால் ஆசிரியர் குழு மிகை என்று திருப்பி அனுப்பியிருக்கும்.

அமெரிக்காவில் பள்ளி மாணவர் ஒருவர் அந்தப் புத்தகத்தை விடுமுறைப் பாடவேலைக்காகப் படித்து, பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். புத்தகம் போனதும் அந்தக் குறிப்புகள் எதைப் பற்றியவை என்று தெரியாத வெறும் வரிகளாகிவிட்டன. புத்தகத்தின் விலை திரும்ப வந்தது, அவர் உழைப்பின் விலை? அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், வழக்கும் சமரசத்தில் முடிந்தது. பத்தாண்டு கழித்து 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, எல்லாப் புத்தகத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாக வரவு வைத்தது. குறிப்புக்கு விலை உண்டு என்று ஒருவராவது ஒப்புக்கொண்டார்கள். நாமும் இப்போது பாடக்குறிப்பு, காணொலி, வினாத்தாள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு செயலிக்குள்தான் வைத்திருக்கிறோம். அதன் பத்திரத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் அந்த ஸ்டீம் கடையின் மேல் வழக்குப் போட்டது. பழுதான கேமுக்குப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்பதுபோல அப்போதைய விதி இருந்தது. நாங்கள் பொருள் விற்கவில்லை, உங்கள் நாட்டுச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதாடியது. கேமும் பொருள்தான் என்று 2016இல் நீதிமன்றம் சொன்னது, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 ஜூனில், உலகம் முழுவதற்கும் ஸ்டீம் ஒரு விதி கொண்டுவந்தது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த விதி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. நம் நாட்டின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையவழி வாங்குவதையும் சேர்த்தே பேசுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த எண்ணைப் பாடநூலில் பார்த்து மனப்பாடம் செய்வது வேறு, தன் 80 ரூபாய்க்காக அழைக்கலாம் என்று தெரிவது வேறு.

அந்த 80 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்கு மாமா கொடுத்தது. விடுமுறையில் பூக்கட்டிக் கொடுத்தது. அப்பாவின் கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதில் பெரிய அப்டேட் ஒன்று வந்தால் மூன்று நாள் டேட்டா சேர்ந்து போகும். அதற்கு வாங்கும் திட்டு வேறு. இவ்வளவையும் கடந்து வாங்கிய ஒன்று ஒரு காலையில் திறக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை மனம் நொந்துதான் வகுப்புக்கு வரும்.

எங்கள் பலகையில் அந்த ஆறாவது கட்டத்துக்குப் பெயர் வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. "அவங்க இஷ்டம்" என்று ஒருவன் சொன்னான், பெரும்பான்மை அதற்குத்தான். தமிழாசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை, சொல் ஒன்று வேண்டும், வாக்கியம் கூடாது என்கிறார். உங்கள் பள்ளிகளிலும் கேட்டுப் பாருங்கள், நல்ல சொல் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். நாங்கள் பிரித்துப் படித்த பத்தியையும் பிள்ளைகள் செய்த தமிழாக்கத்தையும் நகல் எடுத்துக் கதவோரம் மேசையில் வைத்திருக்கிறேன், பள்ளிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தேநீர் வருவதற்குள் பேசிவிடலாம்.